பழைய டிஃபெண்டர் 110, 300டிடிஐ: கோலாலம்பூரில் வைத்து ஓட்ட வாங்கலாமா?

#1 செம்பனைக்காடு
வணக்கம் அண்ணன்மாரே. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300டிடிஐ டீசல் எஞ்சின், ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. காடி இருப்பது கேமரன் மலையில். எஞ்சின் புதுசா பிரிச்சுக் கட்டினது, பெயிண்ட் புதுசு, 2 அங்குலம் தூக்கியிருக்கு, ஸ்நார்க்கெல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) மாட்டியிருக்குன்னு விளம்பரம். எனக்கு வீடு செராஸ். தினசரி ஓட்டத்துக்கு வேற காடி இருக்கு. இது மாசம் ரெண்டு தடவை ஊலு லங்காட், ஜண்டா பாய்க், தோட்டத்து மண் ரோடு, அவ்வளவுதான். கூடவே சுசுகி ஜிம்னி ஜேபி43 ஒண்ணும் கண்ணில் படுது. வாங்கும் முன்னே என்னென்ன பார்க்கணும்?

#2 பழைய_சேசி
விளம்பரத்தில் இரண்டு "புதுசு" இருக்கிறது, சேசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பி, டிஃபெண்டரில் நீ காசு கொடுத்து வாங்குவது சேசியைத்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான். சேசி போனால் மொத்த வண்டியும் தரையில் பரப்பப்படும்.

மேல் உடம்பு அலுமினியம். செந்துரு தெரியாது, அதனால் முப்பது வயசு வண்டியும் பார்வைக்குக் கட்டாக நிற்கும். அடியில் இருப்பது இரும்புப் பெட்டிச் சட்டம். சேறு அதன் துளைகள் வழியே உள்ளே போய் அடைந்து, வடியும் துளையையும் அடைத்துவிட்டு, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் மினுங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு சின்னச் சுத்தியலால் தட்டு. நல்ல இரும்பு கணீரென்று பேசும், போன இரும்பு தொப்பென்று விழும். தட்ட வேண்டிய இடங்கள்: பின்கோடியில் இழுவைக் கொக்கி மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டம், அதுவும் உள்பக்கம்; பின் ஆக்ஸிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் பகுதி; முன் தடுப்புச் சுவரைத் தாங்கும் பக்கக் கைகள்; முன் ஸ்பிரிங் உட்காரும் கோபுரத்தின் அடி. 110இல் டீசல் டாங்கி பின்னால் தொங்குகிறது. அதற்கு மேலே மறைந்திருக்கும் சட்டத்தை யாரும் துடைப்பதில்லை, டார்ச் அடித்துப் பார். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். தாருக்கு அடியில் தகரம் ஒட்டி வெல்டிங் செய்த வண்டிகள் நிறைய.

அடுத்தது ஓட்டுநர் கால் வைக்கும் தடுப்புச் சுவர். அது இரும்பு. கால்மிதியைத் தூக்கிப் பார். கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு மூலைகளையும் கட்டை விரலால் அழுத்து. கதவின் அடி ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்து உள்ளே வெள்ளைத் தூள் இருந்தால், அது அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்து அரித்துக்கொள்வது. கதவுத் தோல் அலுமினியம், உள்சட்டம் இரும்பு. மழை ஊரில் இது நிற்காது, தள்ளிப்போடத்தான் முடியும்.

கேமரன் வண்டி என்பதால் இன்னொன்று. அங்கே லேண்ட் ரோவர் காய்கறியும் உரமும் ஏற்றும் வண்டி. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்தால் உப்புக் கரைசல்தான். கடலோரக் காற்றைவிடக் கெடுதல். பின் தட்டின் அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே.

#3 கெப்போங்_கியர்
சேசி விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. எஞ்சின் பக்கம் நான் சேர்க்கிறேன்.

300டிடிஐ என்பது 2,495 சிசி, 111 குதிரைத்திறன், மின்னணு மூளை இல்லாத டீசல். 1994இலிருந்து 1998 வரை டிஃபெண்டரில் வந்தது. பிறகு வந்தது ஐந்து சிலிண்டர் டிடி5. அதில் இன்ஜெக்டர் வயர்க் கட்டு வழியே எண்ணெய் ஊறி ஈசியூவின் (அந்த மின்னணு மூளையின்) சிவப்புப் பிளக் வரை போய்ச் சேரும். காட்டுக்குள் சாவியும் ஸ்பானரும் வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால் 300தான்.

"புதுசா பிரிச்சுக் கட்டினது" என்றால் ரசீது கேள். ரசீது இல்லாவிட்டால் டைமிங் பெல்ட் மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்துக்கொள். வழக்கமான ஓட்டத்துக்கு 1,20,000 கி.மீ., கடின ஓட்டத்துக்கு அதில் பாதி. சேறும் தண்ணீரும் பார்க்கிற வண்டி கடின ஓட்டம்தான். ஆரம்பகால 300இல் பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரத்தில் உரசித் தேயும் கோளாறு இருந்தது. அதற்குத் திருத்தப்பட்ட புல்லி செட் வந்தது. டைமிங் மூடியின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். விரலை விட்டுப் பார். கறுப்பு ரப்பர்த் தூள் வந்தால் பெல்ட் உரசுகிறது, எண்ணெய் வந்தால் முன் ஆயில் சீல் ஒழுகுகிறது.

கூலன்ட்: வாட்டர் பம்புக்குப் பின்னால் இருக்கும் பி-கேஸ்கெட் இந்த எஞ்சினின் பேர்போன ஒழுகல். பம்பின் கீழே பச்சை அல்லது வெள்ளைக் கறை ஓடியிருந்தால் அதுதான். சாமான் மலிவு, கைக்கூலிதான் ஏறும், ஏனென்றால் போல்ட்டுகள் துருப்பிடித்து முறியும். தெர்மோஸ்டாட் மேலே இருக்கும் பிளாஸ்டிக் பிளக் சூட்டில் வெடிக்கும். பித்தளைப் பிளக் போடு. ஹெட் அலுமினியம், ஒரு தடவை கூலன்ட் இல்லாமல் ஓடினால் வளைந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மேல் ரேடியேட்டர் ஹோஸைப் பிடித்துப் பார். கல் மாதிரி இறுகி இருந்தால் ஹெட் கேஸ்கெட் வாயுவைத் தள்ளுகிறது.

கூலன்ட் மாற்றினால் காற்று எடுக்கும் முறை: எக்ஸ்பேன்ஷன் டாங்கியிலும் தெர்மோஸ்டாட் பிளக்கிலும் மூடி திறந்து, பிளக் வாயில் தண்ணீர் தளும்பும்வரை ஊற்றி, பிளக்கை மூடி, பிறகு டாங்கியை நிரப்பு. காற்று அடைத்திருந்தால் ஹீட்டர் குளிர்ந்து வரும், ஆனால் ஹெட் வெந்துகொண்டிருக்கும். அந்த மீட்டர் உண்மையைத் தாமதமாகத்தான் சொல்லும்.

#4 டிஃப்லாக்
ஆர்380 கியர்பாக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே.

கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்முனைப் பற்கள், எல்டி230 டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் (ஓட்டத்தை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துவிடும் பெட்டி) உள்ளீட்டு கியருக்குள் போய் உட்காரும். பழைய கியரில் அந்த இடத்துக்கு எண்ணெய் போக வழியில்லை. வறண்டு உரசி இரண்டும் தேயும். அடையாளம்: ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போது அடியிலிருந்து "டொக்". முற்றினால் கியர் விழும், எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பார்க்க வழி: டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் இருக்கும் பிடிஓ மூடியை (வேறு கருவி ஓட்ட விசை எடுக்கும் வாயின் மூடி) கழற்றினால் கியர் கண்ணெதிரே இருக்கும். கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஆட்டம் அதிகம் என்றால் எண்ணெய்த் துளை போட்ட பிந்திய கியருக்கு மாறு. ஷாஃப்ட் பற்களும் கத்தி முனையாகத் தேய்ந்திருந்தால் புதுக் கியரையும் சீக்கிரம் தின்றுவிடும், அப்போது கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டும்.

வாங்கியதும் எல்லா எண்ணெயையும் மாற்று, பழைய எண்ணெய் என்ன நிறமென்று பார்த்துக்கொண்டே மாற்று. எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஆறரை லிட்டர் சொச்சம், ஆர்380க்கு 2.67 லிட்டர் ஏடிஎஃப் அல்லது எம்டிஎஃப்94, டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு 2.3 லிட்டர் இபி90, முன் டிஃபுக்கு (ஆக்ஸில் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல்) 1.7, 110இன் பெரிய பின் டிஃபுக்கு 2.3. ஆர்380இல் கெட்டியான 90 எண்ணெயை ஊற்றிவிடும் பட்டறைகள் உண்டு. குளிரில் இரண்டாம் கியர் விழ மறுத்தால் முதலில் இதைச் சந்தேகப்படு.

பிளக் கழற்றும் வரிசை: முதலில் நிரப்பும் பிளக், பிறகுதான் வடிக்கும் பிளக். மாற்றிச் செய்து, நிரப்பும் பிளக் துருவில் சிக்கிக்கொண்டால் வண்டி எண்ணெயில்லாமல் நிற்கும்.

#5 மூவார்_ரோட்
இவ்வளவு தலைவலி எதுக்கு? டொயோட்டா ஹைலக்ஸ் வாங்குங்க, வேலை முடிஞ்சது. லேண்ட் ரோவர் வெள்ளைக்காரன் ஜீப்பைப் பார்த்து காப்பி அடிச்சது, அவ்வளவுதான்.

#6 தகரத்_தாத்தா
காப்பி என்று சொன்னால் டொயோட்டாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டிக்கு பான்டம் நிறுவனம் 49 நாளில் முதல் மாதிரியைக் கொடுத்தது. வரைந்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். பான்டம் சின்ன நிறுவனம், எண்ணிக்கை தயாரிக்க முடியாது என்று வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் வேலை போனது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் வந்தன. ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் ஆங்கில்ஸி தீவிலிருந்த தன் பண்ணையில் ஓட்டியது அப்படி மிஞ்சிய வில்லிஸ் ஜீப்தான். 1947இல் முதல் மாதிரி ஜீப்பின் சேசி மேல் கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது, 80 அங்குல வீல்பேஸ், 1.6 லிட்டர் பெட்ரோல். போருக்குப் பின் இரும்புக்கு ரேஷன். அதனால்தான் மேல் உடம்புக்கு பர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவை. பழைய_சேசி சொன்ன வெள்ளைத் தூளுக்கு மூல காரணம் அந்த ரேஷன்தான்.

டொயோட்டா 1951இல் கட்டிய வண்டியின் பெயரே டொயோட்டா ஜீப் பிஜே. ஃபியூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏறிக் காட்டியது. "ஜீப்" வில்லிஸின் வணிகப் பெயர் என்பதால் 1954இல் லேண்ட் குரூசர் என்று மாறியது. 40 வரிசை 1960இல், 70 வரிசை 1984இல். சுசுகியின் கதை வேறு மாதிரி: ஹோப் என்ற சின்ன நிறுவனத்தின் ஓஎன்360 வண்டியின் உரிமையை வாங்கி, 1970இல் எல்ஜே10 என்று விட்டார்கள். 359 சிசி இரு ஸ்ட்ரோக் எஞ்சின்.

நம் நாட்டுக்கு வந்த வழியும் இதோடு ஒட்டியதுதான். 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படை லேண்ட் ரோவரில் சுற்றியது, தோட்டங்களிலும் அதே வண்டி. கோளாறு பற்றிப் பேசும்போது இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்: 1948 வண்டி நிரந்தர நான்கு சக்கர ஓட்டம், அடுத்து சீரீஸ் வண்டிகள் தேவைப்படும்போது மட்டும் பூட்டும் வகை, 1983இல் 110 வந்தபோது மறுபடி நிரந்தரம், அதோடு லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில். டிஃபெண்டர் என்ற பெயரே 1990இல்தான் ஒட்டியது. சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி 2016 ஜனவரி 29.

#7 டிஃப்லாக்
தாத்தா சொன்ன அந்த நிரந்தர ஓட்டம்தான் ஹைலக்ஸுக்கும் டிஃபெண்டருக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம், @மூவார்_ரோட்.

பார்ட்-டைம் (தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரமும் பூட்டும்) ஹைலக்ஸிலும் ஜேபி43 ஜிம்னியிலும் நடு டிஃப் கிடையாது. நாலு சக்கரத்தையும் பூட்டி தார் ரோட்டில் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், ஆனால் ஓட விடாமல் ஷாஃப்ட் இறுகும். ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும், தொடர்ந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் உடையும். மழை ரோட்டில் "பத்திரத்துக்கு" நாலையும் பூட்டி ஓட்டுகிற பழக்கம் இங்கே நிறைய பேருக்கு இருக்கிறது. தார் தெரிந்ததும் எடு.

டிஃபெண்டரில் நாலு சக்கரமும் எப்போதும் ஓடும், நடு டிஃப் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்ளும். சேற்றில் மட்டும் நடு லாக் போடு. தாருக்கு வந்து எடுத்தும் விளக்கு அணையவில்லை என்றால் வற்புறுத்தி இழுக்காதே. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் போனால் இறுக்கம் விட்டுவிடும். இன்னொன்று: நடு லாக் போட்டாலும் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் சுற்றினால் வண்டி நிற்கும். அதற்கு ஆக்ஸில் லாக் வேண்டும், அது தனிச் செலவு.

#8 பினாங்கு_மேடு
இதை யாரும் சொல்லாமல் விட்டால் ஆபத்து. டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் ஒரு டிரம், அது ஷாஃப்டைப் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஜாக் வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினால், டிஃப் வழியாகத் தூக்கின சக்கரம் சுற்றும், வண்டி உருளும். நடு லாக் போடு, கியரில் விடு, தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டை வை, பிறகு ஜாக். ஓடும்போது அந்த ஹேண்ட் பிரேக்கை இழுக்கவே கூடாது, ஷாஃப்டில் நேரடி அடி விழும். சேற்றில் போய் வந்த பின் டிரம்முக்குள் மண் தங்கினால் பிடி குறையும். திறந்து கழுவி ஷூவைச் சரிசெய்.

இறக்கத்துக்கும் இதே அக்கறை வேண்டும். பினாங்கு மலைக்குத் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஏறும் ஜீப் பாதை 5 கி.மீ. சொச்சம்தான், பொது வண்டிக்கு அனுமதி இல்லை, ஆனால் அந்தச் செங்குத்தை நடந்து பார்த்தால் புரியும்: அப்படிப்பட்ட இறக்கத்தில் கால் பிரேக்கை நம்பினால் பாதி வழியில் திரவம் கொதித்துப் பெடல் பஞ்சாகும். லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியர் வரிசை), இரண்டாம் கியர், மிகச் செங்குத்தென்றால் முதல் கியர். கிளட்ச்சில் கால் வைக்காதே. பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். நம்ம ஊர்க் காற்றுக்கு டாட் 4 திரவத்தை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவதுதான் நியாயம்.

2 அங்குலம் தூக்கியிருக்கு என்கிறார்களே, பிரேக் ஹோஸ் நீளமானதா போட்டிருக்கிறார்களா என்று பார். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. முன் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகள் அதிகக் கோணத்தில் ஓடி, ஆக்ஸிலரேட்டரை விடும்போது அதிரும்.

#9 செம்பனைக்காடு
நன்றி அண்ணன்மாரே. ஸ்நார்க்கெல் இருக்கே, தண்ணீர் பிரச்சினை இல்லைதானே? வெள்ளத்தில் உதவும்னு நினைச்சேன்.

#10 பழைய_சேசி
ஸ்நார்க்கெல் மாட்டிய வண்டிகளில் பாதிக்கு அது அலங்காரம். சோதனை எளிது: எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கெல் வாயை ஒரு பலகையால் இறுக மூடு. சில நொடியில் எஞ்சின் திணறி அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கிருந்தோ காற்று உறிஞ்சுகிறது, அந்த ஓட்டை வழியே தண்ணீரும் வரும். பெரும்பாலும் ஏர் பாக்ஸின் அடியிலிருக்கும் ரப்பர் வடிகால், அல்லது பக்கத் தகட்டு இணைப்பு.

தொழிற்சாலை சொன்ன ஆழம் 500 மி.மீ.தான். அதற்கு மேல் என்றால் ஸ்நார்க்கெலுக்கு முன் பிரீதரை (ஆக்ஸிலும் கியர்பாக்ஸும் மூச்சுவிடும் குழாய்) பார். ஓடிச் சூடான ஆக்ஸில் ஆற்று நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வெற்றிடம் உண்டாகும், ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதர்க் குழாய்களை முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் எல்லாவற்றிலிருந்தும் எஞ்சின் அறையின் உச்சிக்கு ஏற்று. செலவு ஸ்நார்க்கெலைவிடப் பல மடங்கு குறைவு, பயன் அதிகம்.

தண்ணீர் புகாமல் வடிகால் துளையை அடைக்கும் வேடிங் பிளக் இரண்டு: டைமிங் மூடிக்கு ஒன்று, கிளட்ச் அறைக்கு ஒன்று. தண்ணீருக்கு முன் போடு, வெளியே வந்ததும் கழற்று. கழற்ற மறந்தால் ஒழுகும் எண்ணெய் உள்ளேயே தங்கி, பெல்ட்டையும் கிளட்ச்சையும் நனைக்கும்.

முதலில் கம்பால் ஆழம் பார்த்து நடந்து கட. பிறகு லோ ரேஞ்ச் இரண்டில் ஒரே சீராக, முன்னால் ஒரு சின்ன அலை எழும் வேகத்தில் போ. நடுவில் எஞ்சின் அணைந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதே. டீசலின் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து ஏர் ஃபில்டரைத் திற. நனைந்திருந்தால் நாலு க்ளோ பிளக்கையும் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றித் தண்ணீரைத் துப்ப விடு, அதன் பிறகே மறுபடி மாட்டு.

வெள்ளம் என்றாயே, 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் வந்தது போன்ற வெள்ளத்துக்கு எந்த வண்டியும் பொருந்தாது. ஓடும் தண்ணீரில் வண்டி மிதக்க ஆரம்பித்தால் 500 மி.மீ. கணக்கெல்லாம் போச்சு. அது படகு வேலை.

அன்று சாயங்காலமே டிஃப் நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பார். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் மறுநாள் காலை வரை விடாமல் மாற்று. ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளுக்கு கிரீஸ் அடி, பழைய கிரீஸ் தண்ணீரோடு வெளியே தள்ளப்படும்வரை.

#11 கெப்போங்_கியர்
முன் ஸ்விவல் பந்தையும் (முன் சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டு) பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பான குரோம் பரப்பில் குழி விழுந்திருந்தால் எந்த சீல் போட்டாலும் கிழியும். உள்ளே எண்ணெய்க்குப் பதில் ஒன்-ஷாட் கிரீஸ் போட்டால் ஒழுகாது. நான் எல்லோருக்கும் கிரீஸ்தான் சொல்வேன்.

#12 டிஃப்லாக்
அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் ஒழுகினால் சீல் போய்விட்டது என்று தரையே சொல்லும். கிரீஸ் அந்தச் செய்தியை மறைக்கும். சீல் வழியே வெளியே வராதது உள்ளே வராது என்று அர்த்தமில்லை. தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு குழைந்து, சிவி ஜாயின்ட் துருப்பிடித்த பிறகுதான் தெரியும். வடிகால் பிளக் இருக்கும் பழைய வகை ஸ்விவல் என்றால் இபி90, பக்கத்துக்கு 0.35 லிட்டர், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று.

#13 கெப்போங்_கியர்
மாதம் இரண்டு தடவை ஆற்றில் இறங்குகிறவனுக்கு நீங்கள் சொல்வது சரி. வாரம் முழுக்க நிற்கிற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்து, ஸ்விவலின் மேல் அச்சாணி வறண்டு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தம்பி கேட்ட ஓட்டத்துக்கு இரண்டும் தாங்கும், சீல் நல்லதாக இருக்கும்வரை.

#14 சின்ன_ஜிம்னி
ஜேபி43 பக்கம் ஒருவரும் பேசவில்லை. ஊலு லங்காட், தோட்டத்து மண் ரோடு என்றால் ஜிம்னியே போதும். தனி இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங், லோ ரேஞ்ச் எல்லாம் இருக்கிறது. 1.3 எம்13ஏ பெட்ரோல் எஞ்சின் டைமிங் செயின், பெல்ட் கவலை இல்லை. செம்பனை வரிசைக்கு நடுவே திருப்ப 110 முழுசாக மூன்று தடவை முன் பின் போக வேண்டும்.

கோளாறும் தெரிந்துகொள்ளுங்கள். 70, 80 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளம் விழுந்ததும் ஸ்டியரிங் பயங்கரமாக நடுங்கும். ஸ்டியரிங் டேம்பரை மாற்றினால் கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். உண்மைக் காரணம் முன் ஆக்ஸிலின் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங் தேய்ந்து தளர்ந்திருப்பது. பேரிங் மாற்றி, ஷிம் போட்டு இறுக்கம் சரிசெய்து, டை ராட் முனை, சக்கர பேலன்ஸ், ராடுகளின் புஷ் எல்லாம் பார்த்த பிறகே டேம்பர். அடுத்தது முன் ஹப் வெற்றிட இயக்கத்தில் பூட்டும். ரப்பர்க் குழாய் விரிசல் அல்லது ஓ-ரிங் போனால் 4 சக்கர விளக்கு கண்சிமிட்டும், முன்னால் கரகரவென்று பல் அரைக்கும். கையால் திருகிப் பூட்டும் ஹப் போட்டுவிட்டால் அந்தக் கதை முடிந்தது. முன் நக்கிளின் ஃபெல்ட் சீல் ஒழுகி உள்சக்கரம் கிரீஸாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நாலு பேர், கூடாரம், சாப்பாடு எல்லாம் ஏற்றுவது என்றால் ஜிம்னி வேண்டாம். அதற்கு இடமும் இல்லை, பலமும் இல்லை.

#15 மூவார்_ரோட்
அப்ப பெரோடுவா கெம்பாரா போதாதா? மலிவு, சாமான் எங்கேயும் கிடைக்கும்.

#16 சின்ன_ஜிம்னி
1998இல் வந்த கெம்பாரா டைஹாட்சு டெரியோஸ் வழி வந்தது. நாலு சக்கரமும் ஓடும், ஆனால் லோ ரேஞ்ச் இல்லை. காய்ந்த தோட்டத்து ரோட்டுக்குத் தாராளம். மழைக்குப் பின் செங்குத்துக் களிமண் மேட்டில் கிளட்ச் வாசனைதான் மிஞ்சும்.

#17 பினாங்கு_மேடு
டயர் பற்றி நாலு வரி. வாரக் கடைசி ஆட்களுக்கு ஏடி (எல்லா ரோட்டுக்குமான டயர்) போதும். எம்டியின் (சேற்று டயரின்) பெரிய கட்டிகள் ஈரத் தாரில் குறைவாகவே பிடிக்கும், பிரேக் தூரம் கூடும். செராஸிலிருந்து காஜாங் வரை பெய்யும் சாயங்கால மழையில் அது முக்கியம். சிவப்புக் களிமண்ணில் ஏடியின் இடுக்கு அடைத்துக்கொண்டு வழுக்கும், அப்போது காற்றை இறக்கு. 235/85 ஆர்16இல் 18லிருந்து 20 பிஎஸ்ஐ. 15க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடலாம். தாருக்கு ஏறும் முன் திரும்ப அடைக்கக் கம்ப்ரஸர் கையில் இல்லையென்றால் இறக்கவே இறக்காதே. குறைந்த காற்றில் ஹைவே ஓட்டினால் டயர்ப் பக்கம் சூடாகிக் கிழியும்.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) என்றால் அதன் இழுவை வண்டியின் முழு எடையின் ஒன்றரை மடங்கு. 110இன் முழு எடை 3,050 கிலோ, அதனால் 10,000 பவுண்டு வின்ச். விளம்பரத்தில் போடும் எண் டிரம்மில் அடி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. கயிறு முழுக்கச் சுற்றியிருந்தால் இழுவை பாதிக்கு அருகில் இறங்கலாம். புல்லி போட்டு இரட்டிப்பாக்கு. இழுவைப் பந்தில் ஸ்ட்ராப் மாட்டவே கூடாது, அது முறிந்து பறந்தால் உயிர்ப்பலி. எடை குறிக்கப்பட்ட 4.75 டன் ஷேக்கிள், மரத்துக்கு அகலப் பட்டை, கயிறு அறுந்தால் பறக்காமலிருக்க அதன் நடுவே ஒரு கனத்த சாக்கு.

#18 கிராண்ட்_பார்
சட்ட விதிகள் பற்றிக் கடைசியில் பேசுகிறோம், முதலில் பேசியிருக்க வேண்டும்.

பெயர் மாற்ற புஸ்பாகோம் வண்டிச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை, லோன் போட்டால் பி7. அங்கே கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். டிஃபெண்டரின் சேசி எண் வலது முன் சட்டத்தில், ஸ்பிரிங் கோபுரத்துக்கு முன்னால் குத்தியிருக்கும். சரியாக சேறு தெறிக்கும் இடம். துரு அரித்து எண் படிக்க முடியாமல் போன வண்டிகள் உண்டு. கம்பித் தூரிகையால் கிறுக்கித் தேய்க்காதே, இருக்கிற எண்ணும் போகும். துரு கரைப்பான் தடவி ஊற விட்டுத் துணியால் துடை. எண் படிக்கவில்லை என்றால் விற்பவர் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) சரிசெய்து கொடுக்கட்டும், பிறகு பணம்.

"புது எஞ்சின்" என்பது ஹாஃப் கட் (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியின்) எஞ்சினாக இருந்தால் அதன் எண் கிராண்டில் ஏறியிருக்கிறதா? ஏறவில்லை என்றால் பெயரே மாறாது. தூக்கிய சஸ்பென்ஷன், மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர் இவற்றுக்கெல்லாம் ஜேபிஜே அனுமதி இல்லாவிட்டால் சம்மன் வாங்கத் தயாராக இரு. ஒவ்வொரு சோதனைக்கும் வண்டியைப் பழைய அளவுக்கு இறக்கிக் கொண்டுபோவதைவிட, எப்போதும் தொழிற்சாலை அளவிலேயே வைத்திருப்பது மலிவு.

காடு என்று பொதுவாகச் சொன்னாய். நிரந்தர வனப்பகுதிக்குள் வண்டி விட மாநில வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்து ரோடு தனியார் நிலம். காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போவது நம் பழக்கம், அதைக் கெடுக்காதே.

டீசல் கணக்கையும் போட்டுக்கொள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் மானியம் எடுக்கப்பட்டபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. 110க்கு லிட்டருக்கு 9, 10 கி.மீ. கிடைத்தால் நல்ல எஞ்சின் என்று அர்த்தம். நம்ம டீசலில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், டாங்கியின் பழைய கசடைக் கரைக்கும். வாங்கிய புதிதில் ஃபில்டர் இரண்டு தடவை அடைத்தால் ஆச்சரியப்படாதே, ஒன்று கூடுதலாக வண்டியில் வை. தண்ணீர் பிரிப்பான் பொருத்தியிருந்தால் மாதம் ஒரு தடவை அடித் திருகைத் தளர்த்தி வடி. பழைய ரப்பர் டீசல் ஹோஸ் மெத்தென்று உப்பியிருந்தால் மாற்று.

#19 செம்பனைக்காடு
கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒரு பட்டறை. நாலு பேரும் கூடாரமும் உண்டு, அதனால 110 பக்கம்தான் மனசு. சனிக்கிழமை கேமரன் ஏறுறேன். சுத்தியல், டார்ச், துரு கரைப்பான். வேற?

#20 பழைய_சேசி
படுத்துப் பார்க்க ஒரு பாய். பிடிஓ மூடி கழற்ற ஸ்பானர் செட், திரும்பப் போட சீலண்ட். தட்டுவதற்கு முன் விற்பவரிடம் கேட்டுவிட்டுத் தட்டு. தட்டக்கூடாது என்றால் அதுவே பதில், திரும்பி வா. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிடு. போனதும் முதல் வேலை பானெட்டில் கை வைப்பது. சுட்டால், டீ குடித்துவிட்டு ஆறும்வரை காத்திரு. குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது, வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் விலை பேசாதே.

மலையில் மழை பெய்தால் அலுத்துக்கொள்ளாதே. உள்ளே உட்கார்ந்து கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே பார். எங்கெங்கே ஒழுகுகிறது என்று வண்டியே காட்டிவிடும்.